பெரிய மின்மைப் பலகை: பலம் அளவில், பலவீனம் எழுதிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் எழுதத்தக்க பெரிய மின்மைப் பலகைகளை (இ-இங்க் டேப்லெட்டுகளை) பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சாதாரண டேப்லெட் செய்யும் வேலையில் பாதியைக்கூடச் செய்யாத கருவி என்று ஒரு பத்தியும், கண்ணைக் காக்க வந்த அற்புதம் என்று இன்னொரு பத்தியும் அதில் இருந்தன. நூல்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் மெய்ப்புத் திருத்துவதை, அதாவது அச்சாகும் முன் பிழை பார்ப்பதை, தொழிலாகக் கொண்டு, பத்து அங்குலத் திரையிலும் பதின்மூன்று அங்குலத் திரையிலும் அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருபவன் என்ற முறையில், இவ்விரு மதிப்பீடுகளும் கருவியின் உண்மையான பயனைத் தொடவே இல்லை என்று கருதுகிறேன். எழுதக்கூடிய ஒரு முழுப் பக்கம் என்று கொண்டு இதை எடைபோட்டால், இதன் பெரும்பலம் திரையின் அளவில் இருப்பதும், பெரும்பலவீனம் எழுதி முடித்த பிறகு அந்த எழுத்து என்ன ஆகிறது என்பதில் இருப்பதும் தெளிவாக விளங்கும்.

திரை வேலை செய்யும் விதத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறையும் குறையும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுக்க, 1997இல் இ இங்க் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. திரைக்குள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த திரவத்தில் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கும். மின்புலம் மாறும்போது ஒருவகைத் துகள் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மேலே வந்த துகள், மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே தங்கிவிடும். ஆகவே நிலைத்து நிற்கும் பக்கத்துக்கு மின்சாரமே தேவையில்லை. பக்கம் மாறும்போது மட்டும் தேவை. ஆனால் திரவத்துக்குள் ஒரு பொருள் உண்மையாகவே இடம்பெயர வேண்டியிருப்பதால், ஒளியை அணைத்து ஏற்றும் திரையின் வேகத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. குளிரில் திரவத்தின் பிசுக்கு கூடுவதால் வேகம் இன்னும் குறையும்.

இனி அளவுக்கு வருகிறேன். தங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துபோன இந்த இடத்தில்தான் நான் சற்று அதிகமாக நிற்க விரும்புகிறேன். நாவலை மின்னூலாகப் படிக்கும்போது எழுத்துகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே வரிபிரிந்து அமைந்துகொள்ளும். ஆறு அங்குலக் கருவியே அதற்குப் போதும். பிடிஎஃப் கோப்பு அப்படியன்று. அச்சுக்குக் கோத்த பக்கம் கோத்தபடியே நிற்கும். திரை சிறிதானால் பக்கம் முழுவதும் சுருங்கும். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் உயரமும் 210 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மிகப் பரவலாக விற்கும் 10.3 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 209 மில்லிமீட்டர். அதாவது ஏ4 பக்கம் அதில் எழுபது விழுக்காடாகச் சுருங்கியே தெரியும். 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் கோத்த எழுத்து 8.4 புள்ளியாகவும், 9 புள்ளி அடிக்குறிப்பு 6.3 புள்ளியாகவும் குறுகிவிடும். 13.3 அங்குலத் திரையின் உயரமோ ஏறத்தாழ 270 மில்லிமீட்டர். அதில் அதே பக்கம் தொண்ணூற்றொரு விழுக்காடாக நிற்கும். நாற்புறமும் உள்ள வெற்று ஓரத்தைச் சிறிது வெட்டிக் காட்டச் செய்தால் அச்சிட்ட தாளின் அளவே கிடைத்துவிடும்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு படிக்கும் வசதியோடு முடிவதில்லை. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி, ‘கி’, ‘கீ’ என்பவற்றின் மேல்விலங்கு நின்றுவிட்டதா சுழிந்திருக்கிறதா என்பது, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பது ஆகிய மிகச் சிறிய அடையாளங்களில்தான் பாதிப் பிழைகள் ஒளிந்திருக்கின்றன. எழுபது விழுக்காடாகச் சுருங்கிய அடிக்குறிப்பில், ‘அதனைப் பார்த்தார்’ என்பதில் வல்லொற்று இருக்கிறது என்று கண் தானாகவே எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடும். உண்மையில் அங்கே புள்ளியில்லாத ‘ப’ நின்றுகொண்டிருக்கும். பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் திரை ஒருமுறை மங்கித் தெளியும். பத்திப் பிரிப்பு, இடைவெளி, தனித்து விடப்பட்ட கடைசி வரி போன்ற பக்க அமைப்பின் பிழைகள் பார்வைக்கு அகப்படாமல் போகும். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு ஒரு புள்ளியையும் பிடிக்க வேண்டிய வேலைக்குப் பதின்மூன்று அங்குலம் ஆடம்பரம் ஆகாது. ஏறத்தாழ ஏ4 தாளில் பாதியான டெமி அளவு நூலின் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு 10.3 அங்குலம் தாராளமாகப் போதும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அளவோடு அடர்த்தியையும் பார்க்க வேண்டும். 2013இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் முதல் 13.3 அங்குலக் கருவியில் அங்குலத்துக்கு 150 பிக்சல்களே இருந்தன. 2017இல் வந்த அடுத்த கருவியில் அது 207 ஆனது. இப்போது 300 பிக்சல் அடர்த்தியுள்ள பெரிய திரைகளும் கிடைக்கின்றன. 207க்கும் 300க்கும் உள்ள வேறுபாடு ஆங்கில உரைநடையைப் படிப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாமல் இருக்கலாம். சிறிய எழுத்தில் கோத்த ‘ணை’, ‘ஞூ’, ‘ஙு’ போன்றவற்றைப் பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

எழுதும் அனுபவத்தில் இக்கருவிகள் கண்டிருக்கும் முன்னேற்றத்தைத் தங்கள் கட்டுரை குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலானவற்றில் வாக்கம் (Wacom) என்ற நிறுவனம் உருவாக்கிய மின்காந்த ஒத்ததிர்வு முறை பயன்படுகிறது. திரைக்கு அடியில் விரிக்கப்பட்ட கம்பி வலையே பேனாவுக்குத் தேவையான ஆற்றலைத் தருவதால், பேனாவுக்குள் பேட்டரியும் இல்லை, சார்ஜ் ஏற்றும் தொல்லையும் இல்லை. அழுத்தத்தை 4096 படிகளில் உணரும் திறன் இன்று சாதாரணமாகிவிட்டது. முனை திரையைத் தொட்டதற்கும் கோடு தோன்றுவதற்கும் இடைப்பட்ட தாமதம், 2020இல் வந்த ரிமார்க்கபிள் 2 கருவியில் 21 மில்லிவினாடி என்றும், அதே நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கருவியில் 12 மில்லிவினாடி என்றும் நிறுவனம் அறிவித்திருக்கிறது. கையெழுத்துக்கு இது போதுமான வேகம். எழுத்து முனைக்கு அடியிலேயே பிறப்பதுபோல் தோன்றுவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. திரையின் மேற்பரப்புக்கும் துகள்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகக் குறைவாக இருப்பதும் காரணம். மேற்பரப்பின் சொரசொரப்பு கையை நிதானப்படுத்துகிறது. வழுக்கும் கண்ணாடியில் எழுதும்போது அகன்று தடுமாறும் ‘ழ’வின் கீழ்ச்சுழி, இங்கே தாளில் வருவதுபோலவே அடங்கி வருகிறது.

அந்தச் சொரசொரப்புக்கு ஒரு விலையும் உண்டு: பேனாவின் முனை தேயும். நார்போன்ற மென்முனைகள் விரைவில் மழுங்கிக் கோட்டைத் தடிக்கச் செய்யும். நாள் முழுவதும் எழுதுபவர் மாற்று முனைகளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். மென்படலத்தின் மேல் பீங்கான் முனையால் எழுதும் சூப்பர்நோட் போன்ற கருவிகள் இத்தேய்மானத்தைத் தவிர்க்கின்றன. எழுதும் உணர்வு அவற்றில் வேறாக இருக்கும், சற்றே மெத்தென்று. தமிழில் எழுதுபவர்கள் வாங்கும் முன் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மெல்லத் தொட்டு எடுக்கும் புள்ளி பதிகிறதா என்பது. நான் பயன்படுத்திய ஒரு கருவியில், விரைந்து எழுதும்போது நான்கைந்து புள்ளிகளில் ஒன்று பதியாமல் போய், ‘பார்த்தேன்’ என்று எழுதியது ‘பாரத்தேன்’ என்று நின்றது. பிழையைத் திருத்துபவரின் குறிப்பிலேயே பிழை நின்றால் அச்சுக் கோப்பவர் எதை நம்புவார்? அழுத்த உணர்வை அமைப்பில் கூட்டிவைத்த பிறகு அந்தக் குறை பெரிதும் குறைந்தது.

கண்ணைப் பற்றிய கூற்றில் மிகையை விலக்கிப் பார்க்க வேண்டும். இத்திரை தன் ஒளியைக் கண்ணுக்குள் வீசாமல், தாளைப்போலச் சுற்றுப்புற ஒளியைத் திருப்பியனுப்புகிறது. நல்ல வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். நீண்ட நேரம் படிக்க இது எனக்கு இதமாக இருக்கிறது, பலரும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் அருகிலுள்ள எழுத்தை மணிக்கணக்காக உற்றுநோக்குவதாலும் இமைக்க மறப்பதாலும் வரும் களைப்பு எந்தத் திரையிலும், ஏன், தாளிலும்கூட வரும். முன்னொளி (திரையின் மேல் ஒளி பரப்பும் உள்விளக்கு) இல்லாத கருவியில் மங்கிய அறையில் படிப்பது கண்ணுக்கு நன்மை செய்யப்போவதில்லை. கண்ணுக்குக் காப்பு என்று விளம்பரப்படுத்துவது வாங்குபவரைத் தவறான எதிர்பார்ப்புக்கு இட்டுச்செல்கிறது.

கையால் எழுதினால் நினைவில் நிற்கும் என்று கட்டுரை உறுதியாகக் கூறியதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன். மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் கருத்துக் கேள்விகளுக்கு நன்றாக விடையளித்ததாக உளவியல் ஆய்வாளர்கள் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பின்னர் அதே சோதனையை மீண்டும் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வை வைத்து இக்கருவியை விற்பது முறையாகாது.

குறைகளில் நாளும் உறுத்துவது பக்கங்களுக்கிடையே போய்வருவது. மெய்ப்பு என்பது நேர்கோட்டில் படித்துப்போகும் வேலை இல்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைக் கண்டால், அது பன்னிரண்டாம் பக்கத்திலும் துணைநூற்பட்டியலிலும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாள் மெய்ப்பில் இரண்டு விரல்களை இரண்டு இடங்களில் செருகிக்கொண்டு மூன்றாவது இடத்தைப் புரட்டுவோம். மின்மைப் பலகையில் பக்க எண்ணைத் தட்டி, திரை கறுத்து வெளுத்து நிலைகொள்ளும்வரை காத்திருந்து, பார்த்து, மறுபடி எண்ணைத் தட்டித் திரும்ப வேண்டும். படங்கள் நிறைந்த கனத்த கோப்பானால் காத்திருப்பு இன்னும் நீளும். ஒவ்வொன்றும் ஓரிரு வினாடிதான். அந்த வினாடிகளுக்குள் மனம் பிடித்துவைத்திருந்த எழுத்துக்கூட்டல் நழுவிவிடுகிறது என்பதே இடர். திரையை இரண்டாகப் பிரித்து இரு பக்கங்களைக் காட்டும் வசதி சிலவற்றில் உண்டு. பதின்மூன்று அங்குலத்தில் அது ஓரளவு பயன்படும், பத்து அங்குலத்தில் எழுத்து மீண்டும் சுருங்கிவிடும்.

முந்தைய பக்கத்தின் நிழல் அடுத்த பக்கத்தில் மங்கலாகத் தங்குவதும் உண்டு. துகள்களை முழுமையாக மேலும் கீழும் ஓட்டித் திரையைத் துடைத்தால் நிழல் போய்விடும், ஆனால் அதற்குரிய கருவெண் மினுக்கம் கண்ணை உறுத்தும். வேகமான முறையைத் தேர்ந்தால் நிழல் மிகும், தெளிவான முறையைத் தேர்ந்தால் வேகம் குறையும். இந்தக் கொடுக்கல்வாங்கலைப் பயன்படுத்துபவர்தான் அமைப்புகளில் தேடித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழித்த கோட்டின் நிழலே ஒரு மெய்யெழுத்துப் புள்ளிபோல் நின்று என்னை ஏமாற்றியதும் உண்டு. ஐயம் வந்தால் பக்கத்தை ஒருமுறை முழுதும் துடைத்துப் பார்ப்பதே வழி.

வண்ணத்தைப் பற்றிக் கட்டுரை காட்டிய உற்சாகத்தை என்னால் பகிர முடியவில்லை. இ இங்க் நிறுவனத்தின் கலைடோ 3 வகை வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளை எழுத்து அங்குலத்துக்கு 300 பிக்சலில் தெரிந்தாலும், வண்ணம் 150 பிக்சலில்தான் தெரியும். திரையின் மேல் படிந்துள்ள வண்ண வடிகட்டி ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், தாளின் வெண்மை சாம்பலை நோக்கி இறங்கும். முன்னொளியை ஏற்றாமல் படிப்பது கடினமாகும். வண்ணத் துகள்களையே பயன்படுத்தும் கேலரி 3 வகை இந்தக் குறையைப் பெரிதும் தவிர்க்கிறது, ஆனால் வண்ணம் நிலைகொள்ளக் கூடுதல் நேரம் எடுக்கிறது. சிவப்பு மையால் திருத்துவது எங்கள் தொழிலின் பழக்கம்தான். ஆனால் கறுப்பு வெள்ளைத் திரையிலேயே பேனாவின் நிறத்தைச் சிவப்பு என்று தேர்ந்துகொள்ள இடம்தரும் கருவிகள் உள்ளன. எழுதும்போது சாம்பலாகத் தெரியும், கணினியில் திறந்தால் சிவப்பாகவே இருக்கும். எழுத்தின் தெளிவை விட்டுக்கொடுத்து வண்ணத்தைப் பெற வேண்டிய கட்டாயம் மெய்ப்புக்கு இல்லை. நிலப்படங்களோடும் வரைபடங்களோடும் வேலை செய்பவர் வேறு முடிவுக்கு வரலாம்.

திரை பெரிதாகும்போது உடையும் ஆபத்தும் பெரிதாகிறது. பல கருவிகளில் துகள் அடுக்குக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பைக்குள் ஒரு தடித்த நூலின் முனை அழுந்தினாலே அது விரிசல்விடும். மேற்பரப்பில் கீறல்கூட இராது, திரையின் ஒரு பகுதி மட்டும் செத்துப்போயிருக்கும். கண்ணாடிக்குப் பதில் வளையும் பிளாஸ்டிக் தகட்டைப் பயன்படுத்தும் திரைகள் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன, எடையையும் குறைக்கின்றன. சோனியின் 2017ஆம் ஆண்டுக் கருவி 13.3 அங்குலமாக இருந்தும் 349 கிராம்தான். 2022இல் வந்த, ஏறத்தாழ பத்து அங்குலமே உள்ள முதல் கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு மாலைக்குள் தோளில் தெரிந்துவிடும். பேட்டரியைப் பொறுத்தவரை, வாரக்கணக்கில் வரும் என்ற பேச்சு படிப்பவருக்கே பொருந்தும். பேனாவை உணரும் வலையும் செயலியும் விழித்தேயிருக்க வேண்டியிருப்பதால், நாள் முழுவதும் எழுதுபவர் சில நாள்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றத்தான் வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்தே ஏற்றுக்கொள்ளத்தக்க குறைகள். என்னை உண்மையிலேயே வருந்தச் செய்வது அடுத்தது. தாளில் எழுதிய திருத்தம் தாளிலேயே இருக்கும்; யார் கையில் கொடுத்தாலும் தெரியும். பலகையில் எழுதிய திருத்தம் எந்த வடிவத்தில் வெளியேறுகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஒருமுறை நான் அனுப்பிய கோப்பை அச்சுக் கோப்பவர் கணினியில் திறந்தபோது, மென்பொருளின் குறிப்புப் பட்டியல் வெறுமையாக இருந்தது. அந்தக் கருவி என் கோடுகளைத் திருத்தக் குறிப்புகளாகச் சேமிக்காமல், பக்கத்தோடு ஒட்டிய படமாக மாற்றிவிட்டிருந்தது. திருத்தம் உள்ள பக்கங்கள் எவை என்று தாவிச்செல்ல வழியில்லாமல், அவர் முந்நூறு பக்கங்களையும் கண்ணாலேயே தேடினார். ஓர் ஒற்றெழுத்தை மட்டும் சேர்க்கச் சொன்ன சில பக்கங்கள் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டன. அன்றுமுதல் திருத்தம் உள்ள பக்கத்தின் எண்ணைத் தனித்தாளில் பட்டியலிட்டு அனுப்புகிறேன். கருவி செய்திருக்க வேண்டிய வேலை அது.

குறிப்பேடுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பல நிறுவனங்கள் தமக்கேயுரிய கோப்பு வடிவத்தில்தான் அவற்றைச் சேமிக்கின்றன. பிடிஎஃப் ஆக மாற்றி வெளியே எடுக்கலாம், ஆனால் எடுத்த பிறகு அதில் அழிக்கவோ வரியை நகர்த்தவோ முடியாது. சில வசதிகள் மாதச் சந்தா கட்டினால்தான் கிடைக்கும். சில கருவிகள் இணையக் கணக்கு இல்லாமல் கோப்பை நகர்த்தவே விடாது. 2022இல் வந்த கிண்டில் ஸ்கிரைப்பில், தொடக்கத்தில், மின்னூல் பக்கத்தின் மேல் நேராக எழுதவே இடமில்லை. தனியாகத் திறக்கும் ஒட்டுக் குறிப்பில்தான் எழுத முடிந்தது. எழுதுவதற்கென்றே விற்ற கருவியில் மென்பொருள் முடிவு ஒன்று பக்கத்தின் ஓரத்தையே மூடிவைத்தது. பின்னர் அது ஓரளவு மாற்றப்பட்டது என்பது உண்மை. ஆனால் என் பக்கத்தின் ஓரம் எனக்கு உண்டா இல்லையா என்பதை வேறொருவர் வெளியிடும் மென்பொருள் தீர்மானிக்கும் நிலை தாளில் இல்லை. கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதியை விளம்பரத்தில் பார்த்து வாங்குபவர்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்றும், இருந்தால் தம் கையெழுத்தில் ‘ண’வையும் ‘ன’வையும் பிரித்தறிகிறதா என்றும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் என் மேசையில் இந்தப் பலகைதான் இருக்கிறது. அறிவிப்பு மணிகளும் வேறு செயலிகளும் குறுக்கிடாமல், முழுப் பக்கம் முழு அளவில் கண்முன் நிற்க, ஓரத்தில் பேனாவால் எழுத முடிகிற வேறு கருவி எனக்குத் தெரியவில்லை. ஆய்வேடு படிப்பவர்கள், வழக்குக் கட்டுகளைப் பார்ப்பவர்கள், இசைக்குறிப்பை வைத்து வாசிப்பவர்கள், கணக்குகளைக் கையால் போட்டுப் பார்ப்பவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும். காணொளி பார்க்கவும் இணையத்தில் உலவவும் ஒன்று வேண்டுபவருக்கு இது ஏமாற்றமே தரும். அவர்கள் சாதாரண டேப்லெட்டை வாங்குவதே நல்லது.

தங்கள் அறிவியல் பக்கம் இக்கருவிகளை இனி மதிப்பிடும்போது, நிறுவனம் அனுப்பும் மாதிரிக் கோப்பை விட்டுவிட்டு, அடிக்குறிப்புகள் நிறைந்த முந்நூறு பக்கத் தமிழ் நூல் ஒன்றின் பிடிஎஃப் கோப்பை அதில் ஏற்றிப் பார்க்க வேண்டுகிறேன். அடிக்குறிப்பில் மெய்யெழுத்துப் புள்ளிகள் பெரிதாக்காமலே தெரிகின்றனவா, நூற்று ஐம்பதாம் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, ஓரத்தில் எழுதிய திருத்தங்கள் வேறொருவரின் கணினியில் குறிப்புப் பட்டியலில் வருகின்றனவா, இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கம்பிவழியே கோப்பை வெளியே எடுக்க முடிகிறதா என்ற நான்கையும் சோதித்து எழுதினால், வாங்க நினைப்பவர்களுக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் பணியிலுள்ள வாசகர் ஒருவர்